எஸ்விஎன்னிலிருந்து கிட்டுக்கு: கும்பகோணத்திலிருந்து சில பதில்கள்

ஞாயிறு முழுக்க வீட்டில்தான் இருப்பேன், பழைய ரெப்போவை கிட்டுக்கு மாற்றுவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று டெல்டா நண்பர்களிடம் சொல்லிவைத்தேன். ரெப்போ என்றால் ஒரு திட்டத்தின் கோப்புகளும் அவற்றில் நடந்த மாற்றங்களின் வரலாறும் சேர்ந்த களஞ்சியம்; எஸ்விஎன், கிட் இரண்டும் அதைக் காக்கும் மென்பொருள்கள். வந்த கேள்விகளில் பாதி ஒரே கேள்வி. திறந்த மூலத் திட்டம் ஒன்றை மாற்றிய அனுபவத்தில் சொல்கிறேன். லேப்டாப் எது வாங்கலாம் என்பதற்கு நான் ஆளில்லை.

மன்னார்குடி மாணவர்: அண்ணா, எங்கள் திட்டம் பத்து வருடமாக எஸ்விஎன்னில் இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது?

பெயர்ப் பட்டியலில் ஆரம்பியுங்கள் தம்பி. எஸ்விஎன் கமிட்டில், அதாவது பதிவான ஒவ்வொரு மாற்றத்திலும், லாகின் பெயர் மட்டும்தான் இருக்கும். கிட் பெயரும் மின்னஞ்சலும் கேட்கும். எந்த லாகின் எந்த ஆள் என்று ஒரு கோப்பில் எழுதித் தர வேண்டும். எங்கள் திட்டத்தில் ஒருவருக்கே மூன்று லாகின்: கல்லூரியில் ஒன்று, வேலைக்குப் போனபின் ஒன்று, பாஸ்வேர்டு மறந்ததால் ஒன்று. நம் ஊர் இனிஷியல் வேறு. ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயரே முழுசாக. ஃபோன் போட்டு விசாரித்தே இரண்டு வாரம் போயிற்று. யாருடைய மின்னஞ்சலையும் கேட்காமல் போடாதீர்கள். பின்னால் மாற்றினால் அந்தக் கமிட்டிலிருந்து இன்றுவரை எல்லா ஹேஷும், அதாவது கமிட்டுகளின் அடையாளக் குறியீடுகளும், மாறிவிடும்.

அப்புறம், சர்வரிலிருந்து நேராக இழுக்காதீர்கள். மாற்றித் தரும் கருவியான கிட்-எஸ்விஎன் ஒவ்வொரு ரிவிஷனாக (எஸ்விஎன்னில் எண்ணிட்ட கமிட்) கேட்டு வாங்கும். பெரிய ரெப்போ என்றால் நாள்கணக்கில் ஓடும். எஸ்விஎன்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியை வைத்து முதலில் உங்கள் மெஷினிலேயே ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், அந்தக் கவலை வேண்டாம்.

பழைய ரெப்போவை அழிக்காதீர்கள். படிக்க மட்டும் என்று பூட்டி வையுங்கள்.

பட்டுக்கோட்டை நண்பர்: கடைசி நிலையை மட்டும் ஜிப் எடுத்து கிட்டில் போட்டால் முடியாதா?

முடியும். செய்யாதீர்கள்.

நாகப்பட்டினம் தோழி: கிட்டா, மெர்க்கூரியலா?

இரண்டும் ஒரே வேலை செய்கிறவை. 2005 ஏப்ரலில், லினக்ஸ்காரர்கள் அதுவரை பயன்படுத்திய பிட்கீப்பர் என்ற மென்பொருளின் இலவச உரிமம் பறிபோன சூட்டில் பிறந்தவை. மெர்க்கூரியலின் கட்டளைகள் தெளிவானவை, எனக்கும் பிடிக்கும். ஆனால் பைத்தான் நிரல்மொழித் திட்டம் 2011-ல் மெர்க்கூரியலுக்குப் போய், 2017-ல் கிட்டுக்கு வந்தது. ஈமாக்ஸ் என்ற எடிட்டர், பஜார் என்ற இன்னொரு மென்பொருளுக்குப் போய் 2014-ல் கிட்டுக்கு வந்தது. இந்த வேலையை இரண்டு தடவை செய்ய உங்களிடம் ஆள் இருக்கிறதா?

மயிலாடுதுறை ஆசிரியர்: எங்கள் சொல்வங்கியில் கோப்புப் பெயர்களெல்லாம் தமிழில். மாற்றிப் பார்த்தால் \340\256\225 என்று எண்ணாக வருகிறது. கொள்ளிடம் என்ற கோப்பு இரண்டு தடவை வருகிறது!

இன்று வந்ததிலேயே நல்ல கேள்வி, சார். எண்கள் வெறும் காட்சி. க என்ற எழுத்தின் மூன்று பைட்டுகளைத்தான் கிட் அப்படிக் காட்டுகிறது. கோர் டாட் கோட்பாத் (core.quotepath) என்ற அமைப்பை ஃபால்ஸ் (false) ஆக்குங்கள், தமிழ் வந்துவிடும்.

இரண்டு கொள்ளிடம்தான் நிஜத் தொல்லை. யூனிகோடில் 'கொ' எழுத இரண்டு வழி உண்டு. க-வுக்குப் பின் 'ொ' என்ற ஒரே குறி. அல்லது 'ெ', 'ா' என்று இரண்டு குறி. கண்ணுக்கு ஒன்று, கிட்டுக்கு வேறு வேறு. பழைய மேக் கோப்பு முறை பெயர்களைப் பிரித்துத்தான் சேமிக்கும். உங்களில் யாரோ மேக்கிலிருந்து ஏற்றியிருப்பார். கொ, கோ, கௌ வரிசைப் பெயர்களையெல்லாம் மாற்றும்போதே ஒரு ஸ்க்ரிப்ட் போட்டு ஒற்றைக் குறிக்குக் கொண்டுவாருங்கள்.

திருவாரூர், ஓய்வுபெற்ற கணக்காளர்: ஜிப் வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், காரணம் சொல்லவில்லை. லினக்ஸின் மையமான கெர்னலே பழைய வரலாற்றை விட்டுவிட்டுத்தானே கிட்டுக்கு வந்தது?

விவரமாகத்தான் வந்திருக்கிறீர்கள் ஐயா. உண்மை. 2005 ஏப்ரல் 16 அன்று 2.6.12-ஆர்சி2 என்ற பதிப்பின் நிலையை அப்படியே முதல் கமிட்டாகப் போட்டார், லினக்ஸையும் கிட்டையும் உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ். ஆனால் அன்றைக்கு கிட்டுக்கு வயது இரண்டு வாரம்கூட இல்லை. விளைவையும் பாருங்கள்: இன்றும் கெர்னலில் பிழை திருத்துகிறவர்கள் 'இந்தப் பிழை எந்தக் கமிட்டில் வந்தது' என்ற இடத்தில் அந்த முதல் கமிட்டையே எழுதுகிறார்கள். அதற்கும் முன்னால் வந்தது என்று அர்த்தம். பழைய வரலாற்றைப் பிறகு சிலர் தனி ரெப்போவாக மாற்றி, வேண்டுமென்கிறவர்கள் ஒட்டுப்போட்டுப் பார்க்கிறார்கள்.

வயல் வாங்கும்போது பட்டாவை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பீர்களா? மூலப்பத்திரம் கேட்க மாட்டீர்களா?

அவரே மறுபடி: முப்பது வருட வில்லங்கம் பார்த்தால் போதும் ஐயா, ராஜராஜன் காலம்வரை போக வேண்டாம்.

சரி, ஒப்புக்கொள்கிறேன். எஸ்விஎன்னுக்கும் முந்தின சிவிஎஸ் காலத்து உடைந்த கிளைகளையெல்லாம் தூக்கி வர வேண்டியதில்லை. ஆனால் எதை விடலாம் என்பதை முழுசாக ஒரு தடவை மாற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மன்னார்குடி மாணவர்: நடுவில் வருகிறேன் அண்ணா, எங்கள் வீட்டில் மூலப்பத்திரமே காணோம்.

அதற்கு வக்கீலைப் பாருங்கள்.

தஞ்சாவூர் தோழர்: பழைய பிழை அறிக்கைகளில் எல்லாம் ரிவிஷன் எண்தான் இருக்கிறது. அவை வீணாகிவிடுமா?

ஆகாது. ஜிசிசி என்ற கம்பைலர் திட்டம் 2020 ஜனவரியில் கிட்டுக்கு மாறியபோது எஸ்விஎன் எண் 2,80,000-ஐத் தாண்டியிருந்தது. ஒவ்வொரு பழைய கமிட் செய்தியின் அடியிலும் அந்த எண்ணை ஒரு வரியாகச் சேர்த்தார்கள். எண்ணைத் தேடினால் கமிட் கிடைக்கும். நீங்களும் அதையே செய்யுங்கள்.

வேதாரண்யம் நண்பர்: ரெப்போவில் பெரிய வீடியோக்கள் இருக்கின்றன.

100 எம்பிக்கு மேலான கோப்பை, கிட் ரெப்போக்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் ஏற்காது. மாற்றும்போதே எடுத்துவிடுங்கள். பிறகு எடுத்தால் திரும்பவும் ஹேஷ் பிரச்சினை.

பாபநாசம் நண்பர்: எந்த நேரத்தில் மாற்றலாம்?

வெளியீட்டுக்கு முந்தின வாரம் மட்டும் வேண்டாம். தண்ணீர் திறந்துவிட்ட பிறகு வாய்க்கால் தூர்வாரின கதையாகிவிடும். இரண்டு மூன்று தடவை ஒத்திகை பாருங்கள். கடைசி மாற்றத்தன்று எஸ்விஎன்னில் கமிட் செய்வதை நிறுத்துங்கள். ஒவ்வொரு டேகையும் (பெயரிட்டு வைத்த வெளியீட்டு நிலை) இரண்டு பக்கத்திலும் எடுத்து ஒப்பிடுங்கள், வித்தியாசம் வரக்கூடாது. பழைய ரெப்போவை அழிக்காதீர்கள்.

திருத்துறைப்பூண்டி நண்பர்: சார், கடைசி நிலையை மட்டும் ஜிப் எடுத்து...

திருவாரூர்க்காரரைக் கேளுங்கள். நான் சாப்பிடப் போகிறேன்.