மாக்கல்லில் ஒரு சிகரெட் லைட்டர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆர்க்டிக் பகுதியில் வாழும் இனுயிட் மக்களின் கற்சிற்பங்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அதில் வந்த கப்லூசியாக் என்ற கலைஞரின் படைப்புகளைத் தேடிப் பார்த்தேன். கல்லில் சிகரெட், லைட்டர், டாம்பன், கார்ஃபீல்ட் பூனை! பனிக்கரடியையும் வேட்டைக்காரனையும் செதுக்கிய மரபில் வந்தவர் இப்படிச் செய்வது மரபை விட்டுப் போவதில்லையா? இன்னொரு கேள்வி. எங்கள் வீட்டில் உடைந்த கல்சட்டி ஒன்று கிடக்கிறது. அதுவும் இதே கல்தானா? என் மகள் அதில் செதுக்கிப் பார்க்க ஆசைப்படுகிறாள்.

எஸ்., சேலம்

அன்புள்ள எஸ்.,

அந்தப் பனிக்கரடிக்கு வயது அதிகமில்லை. 1948-ல் ஜேம்ஸ் ஹூஸ்டன் என்ற கனடிய ஓவியர் ஹட்சன் விரிகுடாவின் கிழக்குக் கரையில் உள்ள இனுக்ஜுவாக்குக்குப் போனார். அங்கிருந்து கொண்டுவந்த சிறு சிற்பங்களைப் பார்த்த மாண்ட்ரியால் கைவினைச் சங்கம், மேலும் வாங்கிவர அவரைத் திரும்ப அனுப்பியது. 1949 நவம்பரில் விற்பனைக்கு வைத்தவை மூன்றே நாளில் தீர்ந்துபோயின. வடக்கில் நரித்தோல் விலை விழுந்து, கையில் காசு புரளாத காலம் அது. தெற்குக் கனடாவில் இருந்தவர்கள் விரும்பி வாங்கியது கரடி, சீல், ஈட்டி பிடித்த வேட்டைக்காரன். என்ன செய்தால் விற்கும் என்று படம் போட்ட கையேடு ஒன்றும் 1951-ல் அச்சானது. அலமாரியில் நிறுத்திவைக்கிற அளவுள்ள கற்சிற்பம் பெரும்பாலும் இந்தச் சந்தையோடு வளர்ந்ததுதான்.

அதற்கு முன்பும் செதுக்கினார்கள். வால்ரஸ் தந்தத்தில் உள்ளங்கைக்குள் அடங்கும் உருவங்கள் செய்தார்கள். மாக்கல்லில் குல்லிக் என்ற விளக்கும், அதன்மேல் தொங்கவிடும் சமையல் பாத்திரமும் குடைந்தார்கள். சீல் கொழுப்பு மணிக்கணக்கில் எரிந்தாலும் மாக்கல் தாங்கும், சூட்டை உள்வாங்கி மெதுவாக விடும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் உங்கள் கல்சட்டியில் குழம்பு கொதிக்கிறதே, அதே குணம்தான். ஆக, தினமும் கையில் புழங்குவதைக் கல்லில் எடுப்பது அந்த மக்களுக்குப் புதிதல்ல. கப்லூசியாக் மேற்கு ஆர்க்டிக்கின் இனுயிட்டான இனுவியலுட் மரபினர். யெல்லோநைஃபில் பிறந்து எட்மன்டனில் வளர்ந்து, கால்கரியில் வேலை செய்கிறவர். அவர் கைக்கு அன்றாடம் வருவது லைட்டர். அதைச் செதுக்கும்போது, கடைக்காரர் கேட்ட கரடியைவிடப் பழைய வழக்கத்துக்கு அவர் நெருக்கமாக இருக்கிறார் என்பதே என் எண்ணம். 2023-ல் கனடாவின் சோபி கலை விருதும் அவருக்குக் கிடைத்தது.

போலிகளைத் தடுக்க 1958-ல் கனடிய அரசு கொண்டுவந்த இக்லூ முத்திரைகூட, செய்தவர் இனுயிட்டா என்றுதான் பார்க்கிறது, எதைச் செதுக்கினார் என்று அல்ல. 2017 முதல் அது இனுயிட் கலை அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது.

காட்சிப் பொறுப்பாளராகவும் கப்லூசியாக்கின் வேலை முக்கியமானது. வின்னிபெக் கலைக்கூடத்தோடு சேர்த்துக் கட்டிய கௌமாஜுக் என்ற இனுயிட் கலை மையம் 2021 மார்ச்சில் திறந்தது. அதன் முதல் கண்காட்சியான இனுவாவை அமைத்த நால்வரில் இவர் ஒருவர். மற்றவர்கள் ஹெதர் இக்லோலியோர்டே, கிரிஸ்டா உலுயுக் சவாட்ஸ்கி, அசின்னாஜாக். கனடாவின் நான்கு இனுயிட் பிரதேசங்களுக்கும் ஆளுக்கொருவர். எது கலை, எதை எதன் பக்கத்தில் வைப்பது என்று வெகுகாலம் தெற்கத்தியர்கள் தீர்மானித்துவந்த இடத்தில் இது பெரிய மாற்றம். அந்தக் கட்டடத்தில் மூன்று மாடி உயரக் கண்ணாடிப் பெட்டகம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான கற்சிற்பங்களைத் தெருவில் நின்றே பார்க்கலாம்.

இனி உங்கள் மகளின் ஆசை. கல்சட்டியும் மாக்கல்தான். டால்க் கனிமம் மிகுந்த கல் என்பதால் நகம் பட்டாலே கீறல் விழும். ஆனால் எல்லா இனுயிட் சிற்பமும் இந்தக் கல் அல்ல. ஆர்க்டிக் கனடாவில் உள்ள கிங்காயிட் என்ற ஊரின் பச்சைக் கல் பெரும்பாலும் செர்பென்டைன் என்ற வேறு கல். அது கடினமானது, அதனால்தான் அங்கே கிரைண்டர் வைத்து வேலை செய்கிறார்கள். தூசுக்குப் பயந்து குளிரிலும் வெளியேதான் உட்கார்கிறார்கள்.

உடைந்த கல்சட்டி வேண்டாம். வளைந்த, மெல்லிய துண்டில் லைட்டர் வராது. வருஷக்கணக்கில் எண்ணெய் குடித்த கல் உப்புத்தாளையும் அடைத்துவிடும். கல்சட்டி குடைபவர்களிடம் கழிவுத் துண்டு கேளுங்கள், 10 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 3 செ.மீ. கனம் போதும். முதலில் நனைத்து வெயிலில் வையுங்கள். மற்ற இடமெல்லாம் உலர்ந்தபின் ஏதாவது ஒரு கோடு மட்டும் ஈரமாகக் கறுத்து நின்றால் அது விரிசல், அந்தத் துண்டை விட்டுவிடுங்கள்.

நான்கு பக்கமும் பென்சிலில் வரைந்து, கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. விட்டு ஹாக்ஸாவால் அறுக்கட்டும். உளியும் சுத்தியும் எடுக்க வேண்டாம். அடி விழுந்த இடம் உள்ளே நசுங்கி, மெருகேற்றியதும் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அரம்தான் சரி. கல்மாவு பல்லில் அப்பிக்கொள்ளும், அடிக்கடி கம்பிப் பிரஷால் தட்டிவிட வேண்டும். லைட்டரின் சக்கரம் வரும் மேல்பகுதியைக் கடைசிவரை கட்டையாகவே விட்டுவையுங்கள். உடம்பை அழுத்திப் பிடித்து ராவும்போது முதலில் உடைவது அந்த மெல்லிய முனைதான்.

பிறகு 120, 220, 400, 600 நம்பர் உப்புத்தாள், தண்ணீர் விட்டு. ஒரு நம்பரைத் தாண்டினால் அப்போது தெரியாது. மெழுகு பட்டுக் கல் கறுத்ததும் கீறல்கள் வெள்ளை வெள்ளையாக எழும்பும். மறுபடி 220-க்குத்தான் திரும்ப வேண்டும். மெழுகு போடுமுன் ஒரு முழுநாள் காயவிடுங்கள். ஈரத்தோடு சூடேற்றினால் கல் வெடிக்கலாம். கை தாங்காத சூட்டுக்கு மெல்ல ஏற்றி, தேன்மெழுகைத் தடவி, ஆறியபின் பருத்தித் துணியால் தேயுங்கள்.

தூசியில் மட்டும் அலட்சியம் கூடாது. சில மாக்கல்லில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழை கலந்திருக்கும். துணி முகமூடியோ என்95-ஓ அதற்குப் போதாது, பி100 வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். ராவுவதைத் திறந்த வெளியில், கல்லை நனைத்து நனைத்துச் செய்யட்டும். சிந்திய மாவை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். வேலைக்குப் போட்ட சட்டையையும் தனியாகத் துவையுங்கள்.