கச்சேரி நடத்தி நிதி திரட்டப் போகும் பொருளாளருக்கு

கேள்வி: தென்காசி மாவட்டத்தில் ஒரு சிற்றூர் அரிமா சங்கத்துக்கு இந்த ஜூலையில் பொருளாளராகப் பொறுப்பேற்றிருக்கிறேன். ஊரில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மாணவியர் கழிப்பறை கட்டித் தருவதாக முடிவு. அதற்காக மெல்லிசைக் கச்சேரி நடத்தி டிக்கெட் விற்கலாம், விழா மலர் போட்டு விளம்பரம் வாங்கலாம் என்கிறார்கள். டிக்கெட்டுக்குக் குலுக்கல் பரிசு வைத்தால் வேகமாக விற்கும் என்று ஒரு யோசனை. கடைக்காரர்கள் வருமான வரிச் சலுகைக்கான 80ஜி நன்கொடை ரசீது கேட்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர்கள் பணம் அனுப்பத் தயார். கச்சேரிச் செலவை வசூலில் கழிக்கலாமா? "எதற்கு இவ்வளவு தலைவலி, பேசாமல் கண் சிகிச்சை முகாம் நடத்துவோம்" என்கிறார் மூத்த உறுப்பினர் ஒருவர். நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வங்கியிலிருந்து தொடங்குங்கள். எந்த இசைக்குழு, எந்த மண்டபம் என்று பேசுவதற்கு முன்னால் சங்கத்தின் பெயரில் எத்தனை கணக்கு இருக்கிறது என்று பாருங்கள். ஒன்றுதான் என்றால் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போட்டு இரண்டாவதைத் திறந்துவிடுங்கள். உறுப்பினர் சந்தா, அரிமா மாவட்டத்துக்கும் சர்வதேச அலுவலகத்துக்கும் கட்டும் தொகை, மாதக் கூட்டச் சாப்பாடு, பதவியேற்பு விழா, சால்வை, நினைவுப் பரிசு எல்லாம் நிர்வாகக் கணக்கு. வெளியாரிடம் வாங்கும் ஒவ்வொரு ரூபாயும் சேவைக் கணக்கு. அரிமா சர்வதேசச் சங்கத்தின் விதியே இதுதான்: பொதுமக்களிடம் திரட்டியது பொதுமக்களுக்கே போய்ச் சேர வேண்டும். அதை எடுத்துப் பதவியேற்பு விழாவுக்குப் பந்தல் போட முடியாது. "சந்தா வந்ததும் திருப்பிப் போட்டுவிடலாம்" என்று கைமாற்றாகவும் எடுக்கக் கூடாது. சங்கங்களில் காசு காணாமல் போவது பெரும்பாலும் திருட்டால் அல்ல, இந்தக் கைமாற்றால்தான்.

செலவைக் கழிப்பது பற்றிக் கேட்டீர்கள். அந்த நிகழ்ச்சிக்கு நேரடியாக ஆன செலவை வசூலில் கழிக்கலாம்: இசைக்குழு, மேடை, ஒலி ஒளி, ஜெனரேட்டர், டிக்கெட் அச்சு. அன்றிரவு உறுப்பினர் குடும்பங்களுக்குப் போட்ட பிரியாணி அதில் வராது. இதைவிட நல்ல வழி, கச்சேரிச் செலவு முழுவதையும் இரண்டு மூன்று புரவலர்களிடம் ஒப்படைத்துவிடுவது. அப்படிச் செய்தால் "டிக்கெட் பணம் முழுவதும் பள்ளிக்கே" என்று நெஞ்சு நிமிர்த்தி நோட்டீஸில் போடலாம். புரவலர் கிடைக்கவில்லை என்றால் "நிகழ்ச்சிச் செலவு போக" என்ற மூன்று சொற்களை விடாமல் அச்சடியுங்கள். செலவு வசூலில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும் என்று கணக்குப் போடும்போதே தெரிந்தால், என் யோசனை கச்சேரியைக் கைவிடுவது. கச்சேரிக்கு ஆகும் உழைப்பில் பாதியைக் கடை கடையாக ஏறி இறங்குவதில் போட்டால் போதும், அதே தொகை வந்துவிடும்.

கச்சேரிதான் என்று முடிவானால், டிக்கெட் புத்தகத்தில் கண் வையுங்கள். சண்டை தொடங்கும் இடம் அதுதான். நீள நோட்டு ஒன்று வாங்கி இரண்டு பக்கமாகக் கோடு போடுங்கள். இடப்பக்கம் புத்தக எண், அதில் உள்ள முதல் டிக்கெட் எண், கடைசி எண், வாங்கிப் போனவர், தேதி, கையெழுத்து. வலப்பக்கம் திரும்பி வந்த அடிக்கட்டை, விற்காத டிக்கெட், பணம், அதை வங்கியில் கட்டிய தேதி. கையெழுத்து வாங்காமல் தலைவருக்கே புத்தகம் தரக் கூடாது. கச்சேரிக்கு மூன்று நாள் முன்னால் எல்லாப் புத்தகமும் திரும்ப வேண்டும் என்று கெடு வையுங்கள். "புத்தகம் கார்லயே இருக்குது அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை தாரேன்" என்று யாராவது சொல்வார். சொல்லாத சங்கத்தை நான் பார்த்ததில்லை. தொலைந்த புத்தகம் விற்ற புத்தகமாகவே கருதப்படும், பணத்தைத் தொலைத்தவர் கட்ட வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டால் புத்தகம் அவ்வளவாகத் தொலையாது. இலவச அனுமதிச் சீட்டுகளை வேறு நிறத்தில் அச்சடியுங்கள். இல்லாவிட்டால் அரங்கம் நிறைந்திருக்கும், வசூல் மட்டும் பாதியாக நிற்கும், பழி உங்கள் மேல் விழும்.

வாசலில் வரும் ரொக்கத்தை இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்துப் போட்டு, அடுத்த வங்கி வேலை நாளிலேயே முழுசாகக் கட்டுங்கள். வந்த காசிலிருந்தே இசைக்குழுவுக்குக் கொடுத்துவிட்டு மீதியைக் கட்டுவது பல ஊர்களில் வழக்கம். அப்படிச் செய்தால் மொத்த வசூல் எவ்வளவு என்பதற்கு வங்கியில் சாட்சியே இருக்காது. கொடுப்பதெல்லாம் காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ இருக்கட்டும். ஜிபே ஒட்டுப்படம் சங்கக் கணக்கின் கியூஆராக இருக்க வேண்டும், உங்கள் கைபேசி எண்ணாக இருக்கக் கூடாது. அவசரத்துக்கு என்று உங்கள் கணக்கில் வாங்கிய பணத்துக்கு நாளைக்கு வருமான வரி அலுவலகத்தில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். ஒரே நபரிடமிருந்து இரண்டு லட்ச ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவும் சட்டத்தில் இடமில்லை.

குலுக்கல் வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை இருக்கிறது. காசு வாங்கிச் சீட்டுக் கொடுத்து, குலுக்கிப் பரிசு தருவது அந்த வகையில்தான் போய் நிற்கும். நல்ல காரியத்துக்குத்தானே என்ற சமாதானத்தை நம்பி இறங்காதீர்கள். யாராவது ஒருவர் புகார் எழுதிப் போட்டால் போதும். கட்டாயம் பரிசு மாதிரி ஏதாவது வேண்டும் என்றால், நன்கொடையாக வந்த பொருளை மேடையில் ஏலம் விடுங்கள். திருவிழாவில் எலுமிச்சம்பழத்தை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சினிமாப் பாட்டைக் காசு வாங்கி மேடையில் பாடப் பதிப்புரிமை அனுமதி தேவை. தர்மக் கச்சேரி என்பதால் மட்டும் விலக்குக் கிடையாது. ஐபிஆர்எஸ் என்ற பாடலாசிரியர், இசையமைப்பாளர் சங்கத்திடம் உரிமம் வாங்கியாகிவிட்டதா என்று இசைக்குழுவிடம் கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் நீங்களே வாங்கிவிடுங்கள். காவல் நிலைய அனுமதி, இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கி நிறுத்தம், இவை உங்களுக்கே தெரியும். கேளிக்கை வரி உண்டா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி 80ஜி. சங்கம் வேறு, அறக்கட்டளை வேறு. வருமான வரித் துறையில் அதற்கெனப் பதிவு பெற்ற அறக்கட்டளை உங்கள் சங்கத்துக்கு இருந்தால்தான் அந்த ரசீது தர முடியும். இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிடுவதே மரியாதை. நண்பர் ஒருவரின் அறக்கட்டளை ரசீதுப் புத்தகத்தை இரவல் வாங்கி, பணத்தை உங்கள் கணக்கில் போட்டுக்கொள்ளும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். அவர்கள் ரசீது என்றால் பணம் அவர்கள் கணக்குக்கே போக வேண்டும், செலவும் அவர்கள் கணக்கிலேயே நடக்க வேண்டும். கொடுப்பவரின் பான் எண்ணோடு பட்டியலை மின்வழியில் துறைக்குத் தாக்கல் செய்து, அங்கிருந்து வரும் சான்றிதழைத் தந்தால்தான் அவருக்குச் சலுகை. பழைய சட்டத்தில் இது 10பிடி படிவம், மே 31 கெடு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் அமலுக்கு வந்து பிரிவு எண்கள் மாறியிருப்பதால், இப்போது எந்தப் படிவம் என்பதை ஆடிட்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஊர் வழக்கில் இன்னும் 80ஜி என்றுதான் ஓடுகிறது.

உண்மையில் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு அந்த ரசீதால் பயனில்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு இந்தக் கழிவே கிடையாது. பழைய முறையில் இருப்பவர்களுக்கும் பொதுவாக நன்கொடையில் பாதிதான் வருமானத்திலிருந்து கழியும். அதற்கும் உச்சவரம்பு உண்டு. பத்தாயிரம் கொடுத்தவர் 20 சதவீத வரி அடுக்கில் இருந்தால் மிச்சமாவது ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதுவும் இல்லை. சிமெண்ட் மூட்டை, கதவு, குழாய் என்று பொருளாகத் தந்தாலும் இல்லை. இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், பலர் ரசீதை மறந்துவிட்டுக் கொடுப்பார்கள்.

கடைக்காரருக்கு இன்னும் தோதான வழி உங்கள் மலர்தான். அதில் போடும் விளம்பரம் அவருக்கு வியாபாரச் செலவு, முழுத் தொகையையும் தன் கணக்கில் எழுதிக்கொள்வார். அவருக்கு வேண்டியது விளம்பரத்துக்கான பில்லும் மலரின் ஒரு பிரதியும். அதற்கு நன்கொடை ரசீது கொடுக்காதீர்கள். ஒரே தொகை விளம்பரமாகவும் நன்கொடையாகவும் இருக்க முடியாது.

சிங்கப்பூர்ப் பணத்தில் பார்க்க வேண்டியது அனுப்புகிறவரின் பாஸ்போர்ட்டை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் வாங்கிக் கோப்பில் வையுங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர் என்றால், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்திருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதைத் தொடக் கூடாது. தம்பி கணக்குக்கு அனுப்பி, தம்பி கையால் சங்கத்துக்குத் தருகிற குறுக்கு வழியும் வேண்டாம்.

இவ்வளவும் பணம் வரும் வழி. என்னைக் கேட்டால், பணம் எங்கே போகிறது என்பதில்தான் சங்கங்கள் அதிகம் சறுக்குகின்றன. கட்டித் திறப்பு விழா நடத்திய கழிப்பறைக்கு ஆறு மாதத்தில் பூட்டு விழுந்திருப்பதை எத்தனையோ பள்ளிகளில் பார்க்கலாம். வாசல் மேலே சங்கத்தின் சின்னம் பளிச்சென்று இருக்கும். உள்ளே குழாய்த் திருகு உடைந்திருக்கும், தாழ்ப்பாள் கழன்றிருக்கும், வாளி இருக்காது. பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் சமாளிப்பார்கள்.

ஆகவே டிக்கெட் அச்சடிக்கும் முன்னால் பள்ளிக்குப் போங்கள். தலைமையாசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவையும் பாருங்கள். சங்கத்துப் பெண் உறுப்பினர்கள் இருவரை ஆசிரியைகளிடமும் மாணவிகளிடமும் தனியாகப் பேசச் சொல்லுங்கள். ஆண்கள் கும்பலாகப் போய்க் கேட்டால் "எல்லாம் நல்லா இருக்கு சார்" என்றுதான் பதில் வரும். ஏற்கெனவே இருக்கும் கழிப்பறை எத்தனை, அதில் ஓடுவது எத்தனை என்று எண்ணுங்கள். மத்திய அரசின் தூய்மைப் பள்ளி வழிகாட்டுதல் 40 பிள்ளைகளுக்கு ஓர் அலகு, அதாவது ஒரு கழிப்பறையும் மூன்று சிறுநீர்க் கழிப்பிடமும், என்கிறது. பழையவற்றுக்குக் கதவும் தண்ணீரும் கொடுத்தாலே அந்த எண்ணிக்கை வந்துவிடும் என்றால் புதுக் கட்டடமே வேண்டாம். மேலே தொட்டி இருக்கிறதா, மோட்டார் போடுவது யார், கழிவுத் தொட்டி எங்கே, நாப்கினை எங்கே போடுவார்கள், தினமும் கழுவுவது யார், அவருக்குச் சம்பளம் எங்கிருந்து? கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைக்காத வரை செங்கல் வாங்காதீர்கள்.

இடம் அரசுடையது. அதனால் கல்வித் துறையின் எழுத்துமூல அனுமதி, வரைபடம், பொறியாளரின் மதிப்பீடு மூன்றும் கையில் வந்தபிறகுதான் வேலை. 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் இப்படி வெளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு உதவுகிறவர்களுக்காகவே ஏற்பட்டது. அந்த வழியில் போனால் அலைச்சல் குறையுமா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். திரட்டும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கையாவது பராமரிப்புக்கு ஒதுக்குங்கள். உறுப்பினர்களில் எலக்ட்ரீஷியன், ஹார்டுவேர் கடைக்காரர், கட்டட மேஸ்திரி என்று யாராவது நிச்சயம் இருப்பார்கள். காலாண்டுக்கு ஒரு சனிக்கிழமை காலை அவர்கள் பள்ளிக்குப் போய்த் திருகு, தாழ்ப்பாள், மிதவை வால்வு பார்த்துவிட்டு வந்தால், அது இன்னொரு கச்சேரி வசூலுக்குச் சமம்.

மூத்த உறுப்பினர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 1925-இல் ஹெலன் கெல்லர் அரிமாக்களின் மாநாட்டில் நின்று பார்வையற்றோருக்காக உழைக்கக் கேட்டுக்கொண்டதிலிருந்து கண் மருத்துவம் உங்கள் இயக்கத்தின் சொந்த வேலை. இங்கே அதற்குப் பெரிய நிதியும் தேவைப்படாது. மதுரையில் டாக்டர் ஜி.வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை முகாம்களுக்கு ஒரு முறையையே வகுத்து வைத்திருக்கிறது. மருத்துவக் குழு, அறுவை சிகிச்சை, லென்ஸ் எல்லாம் மருத்துவமனை பொறுப்பு. விளம்பரம், இடம், ஆள் திரட்டல் உள்ளூர்ச் சங்கத்தின் பொறுப்பு. அங்கே தேவை காசைவிட ஆள்தான். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சுற்றினால் மட்டும் போதாது. "ஆபரேஷன்னா பயமா இருக்கு" என்கிற பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, முன்னால் செய்துகொண்ட பக்கத்துத் தெருக்காரரையும் கூட்டிப் போய்ப் பேச வேண்டும். இரண்டையும் போட்டியாக்காமல், பணம் பள்ளிக்கு, உடலுழைப்பு முகாமுக்கு என்று பிரித்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்ததும் வரவு, செலவு, மீதி மூன்றையும் ஒரே தாளில் எழுதி, பள்ளி அறிவிப்புப் பலகையிலும் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலும் போடுங்கள்; விளம்பரம் தந்த கடைகளுக்கும் ஒரு நகல் கொடுங்கள். மீதிப் பணம் சேவைக் கணக்கிலேயே இருக்கட்டும். உங்கள் ஆண்டு ஜூன் 30-இல் முடிகிறது. அடுத்த பொருளாளரிடம் வங்கிப் புத்தகம், டிக்கெட் நோட்டு, அடிக்கட்டைகள், பில்கள், பள்ளியின் அனுமதிக் கடிதம், பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகையின் விவரம் எல்லாவற்றையும் பட்டியலிட்டு ஒப்படைத்து, இருவரும் கையெழுத்துப் போட்ட நகல் ஒன்றை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள்.