ஹெல்மெட் போட்ட ஐவர்

வணக்கம் சார்,

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள், பள்ளி ஆண்டு விழாவில் தோழிகளோடு ஒரு கொரியப் பாட்டுக்கு ஆடப்போகிறாளாம். கிரேயான் பாப் குழுவின் 'பார் பார் பார்'. வீடியோவைக் காட்டினாள். ஐந்து பெண்கள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு தவளை மாதிரி குதிக்கிறார்கள். நீங்கள் இந்தப் பாட்டைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். எனக்கோ, பெண்களைக் கோமாளியாக்கி விற்கிறார்கள் என்றுதான் படுகிறது. ஆட விடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் குதியலை இன்னொரு முறை நிதானமாகப் பாருங்கள். ஐவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஒருத்தி எழும்பும்போது பக்கத்தில் இருப்பவள் இறங்குகிறாள், எஞ்சினுக்குள் பிஸ்டன் ஏறி இறங்குகிற மாதிரி. கொரியாவில் அதற்கு 'ஐந்து சிலிண்டர் நடனம்' என்றே பெயர். ஒருத்தி கொஞ்சம் பிந்தினாலும் கடைசி பெஞ்சில் இருப்பவருக்குக்கூடத் தெரிந்துவிடும். கைவீச்சிலோ இடுப்பசைவிலோ ஒளித்துக்கொள்ள வழியே இல்லை. பாட்டு முழுக்க மூச்சு வாங்காமல் சிரித்த முகத்தோடு அதைச் செய்கிறார்கள். எனக்கு அதில் தெரிவது உழைப்புதான்.

கும்மி, எல்லின், சோவா, வே, சொயுல். இதில் சோவாவும் வேயும் இரட்டையர். தலைவியின் பெயரைத் தமிழில் எழுதினால் நம் கும்மி ஆகிவிடுவதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்! 2012 ஜூலையில் அறிமுகமானபோது அவர்களை யாரும் கண்டுகொள்ளவில்லை. பெரிய நிறுவனத்தின் பின்பலம் கிடையாது. டிராக் சூட் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி, போகிற வருகிறவர்கள் முன்னால் ஆடினார்கள். 'பார் பார் பார்' 2013 ஜூன் 20 அன்று வந்தது. உடனே ஓடவில்லை. வாரா வாரம் பட்டியலில் மெல்ல ஏறி, ஆகஸ்ட் 30 அன்றுதான் 'மியூசிக் பேங்க்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் முதலிடம் பிடித்தது. அடுத்த ஆண்டு அமெரிக்கப் பாடகி லேடி காகாவின் வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் தொடக்க நிகழ்ச்சி நடத்தினார்கள்.

கோமாளி என்ற உங்கள் வார்த்தை உறுத்தியது. உறுத்தட்டும், நியாயமான கேள்விதான். அந்தக் காலத்துப் பெண் குழுக்களில் பலவற்றுக்குக் கவர்ச்சி உடைதான் முதல். இவர்கள் கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிக்கொண்டு, தலையையும் மூடிக்கொண்டு மேடை ஏறினார்கள். பார்க்கிறவர் கண் உடம்பில் நிற்காமல் ஆட்டத்துக்குப் போகிறது. கூட்டத்தில் நடுத்தர வயது ஆண்கள் நிறைய. அவர்களும் டிராக் சூட்டில் வந்து, கனத்த குரலில் வரிக்கு வரி எதிர்க்குரல் கொடுப்பார்கள். 'பாப்ஜொஸி' என்று அவர்களுக்குப் பட்டப்பெயர். 'அஜொஸி' என்றால் நம் ஊர் 'மாமா' மாதிரி. அந்த மாமாக்களின் முகத்தில் திருவிழாவுக்கு வந்த பிள்ளையின் களிப்புதான் எனக்குத் தெரிந்தது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வேடம் ஒருமுறை எடுபட்டுவிட்டால் அடுத்ததற்கும் வேடம் கேட்பார்கள். 2014-இல் ட்ராட் என்ற பழைய கொரிய மெட்டில், வெள்ளை உடையும் சிவப்பு சாக்ஸுமாக வந்தார்கள். எனக்கு அதுவும் பிடிக்கும். ஆனால் முதல் வெற்றியின் உயரத்தை மறுபடி தொட முடியவில்லை. 2017-இல் நிறுவனத்தோடு இருந்த ஒப்பந்தம் முடிந்தது.

சரி, மகள் தாராளமாக ஆடட்டும். சரியாக ஐந்து பேர் சேரட்டும், நாலு பேரை வைத்து எஞ்சின் ஓடாது. சிமெண்ட் தரையில் ஒத்திகை வேண்டாம், முழங்கால் போய்விடும். அப்புறம், ஹெல்மெட் வாரைத் தாடைக்குக் கீழே இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். மூன்றாவது குதியில் கழன்று கண்ணை மறைத்துவிடும்.