விரல் முட்டட்டும், விடுங்கள்

கேள்வி: வாடகைப் பூட்ஸ் போட்டே புளூ மவுண்டன் பனிச்சறுக்கு மலையில் ஸ்னோபோர்டு, அதாவது ஒற்றைப் பலகையில் சறுக்குவது, பழகிவிட்டேன். இந்தக் குளிர்காலத்துக்குச் சொந்தமாக வாங்கலாம் என்று இருக்கிறேன். ஊரில் என் சப்பாத்து 8ஆம் நம்பர். கடையில் 27 என்று ஒன்றைத் தந்தார்கள், போட்டு நின்றால் விரல் முன்னால் முட்டுகிறது. ஒரு சைஸ் பெரிதாக எடுத்து இரண்டு சொக்ஸ் போடு, கதகதப்பாகவும் இருக்கும் என்கிறான் நண்பன். செய்யலாமா?
- ஒரு வாசகர், ஸ்கார்பரோ

பதில்: வேண்டாம். பள்ளிக்கூடம் திறக்கும்போது அடுத்த வருடத்துக்கும் சேர்த்து ஷூ வாங்கித் தருவார்களே, அந்தக் கணக்கு இங்கே உதவாது.

27 என்பது மொண்டோபாயிண்ட் அளவு, அதாவது சென்டிமீட்டரில் உங்கள் பாதத்தின் நீளம். ஊர் 8ஆம் நம்பர், ஆண்களுக்கான அமெரிக்க அளவில் 9, மொண்டோவில் 27 எல்லாம் ஏறத்தாழ ஒன்றுதான், ஆனால் ஷூ நம்பரை நம்பாமல் அளந்து பாருங்கள். சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், குதிகால் சுவரைத் தொட பேப்பரின் மேல் முழு எடையையும் போட்டு நின்று, நீளமான விரல் முடியும் இடத்தில் கோடு போடுங்கள். இரண்டு காலையும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். பலருக்கும் ஷூ நம்பரை விட இது குறைவாகவே வரும்.

சரி, முட்டுகிறதே? நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி லேசாகத் தொடத்தான் வேண்டும். லேஸ் கட்டும் முன் குதிகாலைத் தரையில் நாலு தட்டுத் தட்டிப் பின்னால் தள்ளி, இறுக்கிக் கட்டி, முழங்காலை மடக்கிக் கணுக்காலை முன்னால் அழுத்திப் பாருங்கள், விரல் தானாகப் பின்வாங்கும். அப்போதும் விரல் மடங்கியே இருந்தால்தான் சின்னது. இதைவிட முக்கியம் குதிகால், அது மேலே எழும்பவே கூடாது. போர்டில் குறுக்காக நிற்கிறோம் அல்லவா, குதிகால் எழும்பினால் நீங்கள் விரல் பக்கம் சாய்ந்த பிறகு ஒரு கணம் கழித்துத்தான் போர்டு திரும்பும், அதைச் சமாளிக்க லேஸையும், பூட்ஸைப் போர்டோடு பிணைக்கும் பைண்டிங் பட்டையையும் இன்னும் இறுக்குவீர்கள், ரத்த ஓட்டம் குறைந்து கால் மரத்துவிடும். கதகதப்புக்கு வாங்கிய பெரிய பூட்ஸே குளிரைக் கொண்டுவருவது இப்படித்தான்!

போதாததற்கு பூட்ஸின் உள்ளே இருக்கும் மெத்தென்ற உறையான லைனர் போடப் போட அமுங்கி, போகப்போக அரை சைஸ் வரை தளர்ந்துவிடும். இன்றைக்கே தொளதொள என்றால் சீசன் முடிவில் என்ன ஆகும், யோசியுங்கள். கம்பளி அல்லது செயற்கை இழையில் மெல்லிய சொக்ஸ் ஒரே ஒரு ஜோடி போதும். பருத்தி வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு போட்டால் சுருங்கி மடிந்து உறுத்தும்.

வலி பக்கவாட்டில் என்றால் கதை வேறு. செருப்பிலேயே வளர்ந்த நம்மில் பலருக்கு முன்பாதம் அகலம். அதற்கு அகல மாடல் கேளுங்கள், நீளத்தைக் கூட்டாதீர்கள். லைனரைச் சூடாக்கி உங்கள் காலுக்கு அச்சு எடுத்துத் தருவார்களா என்றும் விசாரியுங்கள். அப்புறம் கடையிலேயே இருபது நிமிடமாவது போட்டுக்கொண்டு நடங்கள், விற்பவர் முறைத்தாலும் பரவாயில்லை.

போர்டு ஏற்கெனவே இருக்கிறதா? நீளமான பூட்ஸ் போர்டு ஓரத்தைத் தாண்டி அதிகமாக நீட்டிக்கொண்டிருந்தால், சாயும்போது பனியில் உரசி விழவைக்கும். அமெரிக்க அளவு 10க்கு மேல் போனால் அகலப் போர்டு பார்ப்பது நல்லது.

கேள்வி: என் மகளுக்கு வயது பதினொன்று. கால் வளர்ந்துகொண்டே இருக்கிறது. அவளுக்காவது பெரிதாக வாங்கலாமா?
- ஒரு தாய், மார்க்கம்

பதில்: அவளுக்கும் கூடாது. பழகும் பிள்ளைக்குக் குதிகால் ஆடினால் போர்டு சொன்னபடி கேட்காது, பயம்தான் மிஞ்சும். சீசன் முழுவதற்கும் வாடகைக்குத் தரும் கடைகள் இருக்கின்றன. நடுவில் கால் வளர்ந்தால் மாற்றித் தருவார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு பணத்தைக் கட்டுங்கள்.