அடுப்படி கேள்வி – பதில்

சமையல் வேலை பற்றிப் போன இதழில் எழுதியதும் கடிதங்கள் நிறைய வந்துவிட்டன. கறி செய்வது எப்படி என்று கேட்டவர்களை விட, சமையலைத் தொழிலாக எடுப்பது எப்படி என்று கேட்டவர்கள்தான் கூட. அதனால் இந்த முறை அவர்களுக்கே இடம் கொடுக்கிறேன்.

தொலைக்காட்சியில் பத்து நிமிடத்தில் மூன்று கறி வைத்து முடிக்கிறீர்கள். எனக்கு ஒரு மீன் குழம்புக்கே ஒரு மணித்தியாலம் போகிறது. என்ன வித்தை அக்கா?
– வாசகி, பரந்தன்

வித்தை ஒன்றும் இல்லை, தங்கச்சி. ஒரே கறி மூன்று சட்டிகளில் இருக்கும். ஒன்றில் பச்சையாக, ஒன்றில் அரை வேக்காட்டில், ஒன்றில் முடிந்த கறி. "இது கொஞ்சம் வற்றட்டும்" என்று நான் மூடியைப் போட்டால், அடுத்ததாக நீங்கள் பார்ப்பது விடியற்காலையிலேயே வற்றவைத்த வேறு சட்டி. தேங்காய் திருவி, வெங்காயம் வெட்டி, தூள்களை அளந்து சின்னக் கிண்ணங்களில் வைக்கிறவர்கள் படத்தில் வருவதே இல்லை. அவர்கள் இல்லாமல் எந்த நிகழ்ச்சியும் இல்லை.

கமராவுக்கு முன்னால் சமைக்கக் கை வேறு விதமாகப் பழக வேண்டும். சட்டியைக் கமராப் பக்கம் சரித்துப் பிடிக்க வேண்டும். கிளறுகிற கை கறியை மறைக்கக் கூடாது. கடுகு வெடிக்கிற சத்தத்தில் பேச்சு எடுபடாது என்பதால், சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகுதான் கடுகைப் போடலாம். ஒலிப்பதிவுக்காக மின்விசிறியையும் நிறுத்திவிடுவார்கள். விளக்குச் சூட்டில் கீரை கண் முன்னாலேயே வாடும்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. சொதி வைக்கும்போது தேங்காயின் முதற்பாலை விட்ட பிறகும் தளதளவென்று கொதிக்கவிடச் சொல்வார்கள், படத்துக்கு அழகாக இருக்கும் என்று. நான் செய்யமாட்டேன். முதற்பாலுக்குப் பிறகு பிழிகிற தண்ணிப் பாலான கப்பிப் பாலில் காயும் வெங்காயமும் பச்சை மிளகாயும் வெந்த பிறகு முதற்பாலை விட்டு, ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கும்போதே இறக்கிவிட வேண்டும். தேசிக்காய்ப் புளி அடுப்பை விட்டு இறக்கின பிறகுதான். கொதிக்கிற பாலில் புளி விட்டால் திரைந்து போகும். என்னைப் பார்த்து வீட்டில் ஒரு பிள்ளை முதல் முதலாகச் சொதி வைக்கும். அந்தப் பிள்ளையின் சொதி திரையக் கூடாது. படம் அழகில்லாமல் போனால் போகட்டும்.

உயர்தரம் முடித்த மகள் சமையல் படிக்கப் போகிறேன் என்கிறாள். "பிள்ளையைச் சமையற்காரி ஆக்கப் போகிறீர்களோ?" என்று சொந்தக்காரர் கேட்கிறார்கள். என்ன சொல்ல?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

"ஓம்" என்று சொல்லுங்கள் அம்மா. இதில் குறைவு எதுவும் இல்லை. கல்கிசை ஹோட்டலின் பப்ளிஸ் சில்வாவைத் தெரியாத சமையலாளர் இலங்கையில் இல்லை. சமையலறையில் சிறு வேலையாளாகச் சேர்ந்து, அதே ஹோட்டலில் தலைமைக்கு வந்து, தொலைக்காட்சியிலும் நாடறிய நின்ற மனிதர் அவர்.

படிக்க வழியும் இருக்கிறது. தேசிய தொழில் தகைமையில் ஏழு மட்டங்கள். நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். கொழும்பில் 1964 இல் ஹோட்டல் பாடசாலையாகத் தொடங்கியதுதான் இன்றைய இலங்கை சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனம். பெரிய ஹோட்டல் வேலைக்கு அது நல்ல வாசல். பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பத் தயக்கமாக இருந்தால், முதலில் மாவட்டத்திலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்தில் விசாரியுங்கள்.

அதோடு இன்னொன்று. வகுப்புக்கே போகாமல் பல வருடம் சமைத்த பெண்களும் முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் பரிசோதனைக்குப் போய் அந்தச் சான்றிதழை எடுக்கலாம். கோயில் மடத்திலும் கலியாண வீட்டிலும் அண்டா அண்டாவாகச் சமைத்துவிட்டு "எனக்கு ஒரு தொழிலும் தெரியாது" என்று சொல்கிற எத்தனையோ அக்காமார் வன்னியில் இருக்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் மனம் நோகும். கிளிநொச்சியில் அம்மாச்சி உணவகத்துக்கு மகளை ஒருநாள் கூட்டிப் போங்கள். குரக்கன் பிட்டும் தோசையும் சுட்டு விற்றுக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய பெண்களைப் பார்த்தால், சொந்தக்காரருக்குச் சொல்ல வேண்டிய பதிலும் கிடைத்துவிடும்.

எனக்கு 36 வயது. அலுவலக வேலையை விட்டுவிட்டுச் சமையலுக்கு வர நினைக்கிறேன். காலம் கடந்துவிட்டதா?
– வாசகர், வவுனியா

இல்லை தம்பி. அமெரிக்கத் தொலைக்காட்சியில் சமையலைப் பெரிய விஷயமாக்கிய ஜூலியா சைல்ட், 1944 இல் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எங்கள் கண்டியில் அலுவலக வேலை பார்த்தவர். கோப்புகளும் இரகசியத் தாள்களும்தான் அவர் கையில் இருந்தன. பாரிசில் சமையற் பள்ளியில் சேர்ந்தது 1949 இல், 37 வயதில். பொஸ்ரன் தொலைக்காட்சியில் அவருடைய நிகழ்ச்சி 1963 இல் தொடங்கியபோது வயது 50.

ஆனால் வேலையை உடனே விடாதீர்கள். சனி, ஞாயிறுகளில் ஒரு கலியாண மண்டபச் சமையற் குழுவோடு நில்லுங்கள். ஐந்நூறு பேருக்குச் சோறு வடித்த அடுத்த நாளும் ஆசை அப்படியே இருந்தால் பிறகு யோசிக்கலாம்.

ஆடி, ஆவணியில் வெளிநாட்டிலிருந்து வருகிற குடும்பங்கள் வீட்டில் வந்து சமைத்துத் தரக் கேட்கிறார்கள். போன முறை ஒரு வீட்டில் பேசிய காசில் பாதிதான் தந்தார்கள். இனி எப்படிப் பேசுவது?
– வாசகி, வட்டக்கச்சி

இதைத்தான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். தொலைக்காட்சி பெயர் தரும். அடுப்பெரிய வைக்கிறது இந்த வேலைதான். எனக்கும் அப்படித்தான்.

பாதிக் காசு முற்பணம். அது கைக்கு வந்த பிறகுதான் சந்தைக்குப் போக வேண்டும். சாமான் காசு வேறு, உங்கள் கூலி வேறு. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசினால் தேங்காய் விலை ஏறின அன்று நட்டம் உங்களுக்கு. எத்தனை பேர், எத்தனை வேளை, பாத்திரம் கழுவுவது யார் என்பதையெல்லாம் வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்குங்கள். சொந்தக்காரர் வீடென்றாலும் இதுதான் முறை. இரவுச் சாப்பாடு என்றால் உங்களை வீட்டில் கொண்டுவந்து விடுவது யார் என்பதும் அதில் இருக்க வேண்டும். கடைசி பஸ் போன பிறகு உள் றோட்டில் தனியாக நிற்க முடியாது. நெடுங்கேணிப் பக்கமென்றால் யானையும் வரும்.

பிறகு சாப்பிடுகிற ஆட்களைப் பற்றிக் கேளுங்கள். யாருக்குச் சீனி, யாருக்குப் பிரஷர், வெள்ளி விரதம் யாருக்கு, பிள்ளைகளுக்கு என்ன ஒத்துக்கொள்ளாது. இறால் ஒத்துக்கொள்ளாதவருக்கு "நல்லா வேகவைத்தால் சரி" என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. அந்த ஒவ்வாமைக்குக் காரணமான புரதம் சூட்டில் அழியாது. இறால் பொரித்த எண்ணெயில் அவருக்கு வேறு எதையும் பொரிக்கவும் கூடாது. சம்பலில் இடிக்கிற கூனி இறாலைத்தான் எல்லோரும் மறந்துவிடுவார்கள். அதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்.

மத்தியானம் வடித்த சோற்றை இரவு வரை மேசையில் வைக்க விடாதீர்கள். வன்னி வெயிலில் இரண்டு மணித்தியாலமே அதிகம். சோற்றில் வளர்கிற ஒரு வகைக் கிருமி விடுகிற நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. மிச்சச் சோற்றை அகலமான தட்டத்தில் பரப்பி ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

அந்த வீட்டில் காதில் விழுகிற கதை அந்த வீட்டோடு நிற்க வேண்டும். அவர்களுடைய மேசையைப் படம் எடுத்து முகநூலில் போடுவதும் கேட்காமல் செய்யக் கூடாது. அடுத்த வருடமும் உங்களையே கூப்பிடுவார்களா என்பது கறியை விட இதில்தான் தங்கியிருக்கிறது.

கனடாவிலிருந்து வந்தவர்கள் இரணைமடுக் குளத்து மீன் கேட்டார்கள். சமைத்தால் சேற்று மணம் என்று ஒதுக்கிவிட்டார்கள். மணத்தை எப்படி எடுப்பது?
– வாசகர், கிளிநொச்சி

முதல் மழைக்கு நிலத்திலிருந்து ஒரு மணம் எழும்புமே, அதைத் தருகிற பொருள்தான் குளத்து மீனிலும் இருக்கிறது. தண்ணீரிலுள்ள பாசியும் நுண்ணுயிர்களும் உண்டாக்குவது. புளிப்புப் பட்டால் அது உடைந்து மணம் அடங்கும். அதனால்தான் எங்கள் ஆச்சிமார் குளத்து மீனைப் புளி கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டார்கள்.

1952 இல் இலங்கைக்குக் கொண்டுவந்து விட்ட திலாப்பியாவைத்தான் நாங்கள் யப்பான் மீன் என்கிறோம். அதைத் தோலோடு உள்ள கொழுப்பும் வயிற்றுக்குள் இருக்கிற கறுப்புச் சவ்வும் போகும் வரை உரசிக் கழுவுங்கள். உப்பும் கெட்டிப் புளியும் பிசறி அரை மணித்தியாலம் வைத்து, கழுவி, உள்ளியும் மிளகும் தூக்கலாகப் போட்டுத் தேங்காய்ப் பால் இல்லாத புளிக்குழம்பாக வையுங்கள். முதல் நாள் பால்கறி வைத்தீர்களோ தெரியாது. பால் அந்த மணத்தை எடுத்துக் காட்டும்.

லண்டனிலிருந்து வந்தவர் மான் வற்றல் கேட்கிறார். நல்ல காசு தருகிறாராம். செய்து கொடுக்கலாமா?
– வாசகி, ஒட்டுசுட்டான்

வேண்டாம் பிள்ளை. மான் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. வழக்கு வந்தால் நிற்கப் போவது நீங்கள், அவர் இல்லை. காட்டு ருசிதான் வேண்டுமென்றால் பாலைப்பழக் காலத்தில் நல்ல பழம் வாங்கி வையுங்கள். வாய் முழுக்கப் பால் ஒட்ட ஒட்டச் சாப்பிட்டுவிட்டு அவரே இன்னும் கேட்பார்.

ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். காசு இல்லை என்கிறார்கள். போகலாமா அக்கா?
– வாசகி, முள்ளியவளை

முதல் தடவை போங்கள். பஸ் காசும் சாமான் காசும் அவர்கள் தர வேண்டும் என்று முன்னமே பேசிவிடுங்கள். உங்கள் பெயரும் ஊரும் திரையில் எழுத்தில் வர வேண்டும். அந்தத் துண்டை உங்களுக்கும் அனுப்பச் சொல்லுங்கள், அடுத்த வேலை கேட்கும்போது காட்டலாம். இரண்டாம் தடவை கூப்பிட்டால் கூலி கேளுங்கள்.

என்ன சமைப்பது என்று அவர்கள் கேட்டால் பிரியாணி என்று சொல்லாதீர்கள். அதைச் செய்து காட்ட நூறு பேர் இருக்கிறார்கள். நந்திக்கடல் இறாலும் முருங்கைக்கீரையும் போட்ட உங்கள் வீட்டுக் கறியைச் சொல்லுங்கள். இறாலை மட்டும் ஐஸ் பெட்டியில் கொண்டு போங்கள். இல்லாவிட்டால் கொழும்புக்குப் போய்ச் சேருமுன் பழுதாகிவிடும்.