ஆலைக்குள்ளே உட்கார்ந்தவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1982-ல் பம்பாய் பஞ்சாலைத் தொழிலாளர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தும் தோற்றார்கள். 1937-ல் அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரில் சில ஆயிரம் பேர் ஆலைக்குள் உட்கார்ந்தே ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனத்தைப் பணியவைத்தார்கள். ஒற்றுமைதான் பலம் என்று சங்கங்கள் சொல்வது வெறும் மேடைப் பேச்சா?

கே.

அன்புள்ள கே,

மேடைப் பேச்சு இல்லை. ஒற்றுமை இல்லாவிட்டால் முதல் வாரமே எல்லாம் கலைந்துவிடும். ஆனால் எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்பதைவிட, அந்த நேரத்தில் உற்பத்தி நின்றால் முதலாளிக்கு வலிக்குமா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

பம்பாயில் பலருக்கு வலிக்கவில்லை. 1982 ஜனவரி 18-ல் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் ஆலைகள் நின்றபோது கிடங்குகளில் துணி தேங்கிக் கிடந்தது. பக்கத்து ஊரான பிவண்டியில் விசைத்தறிகள் ஓடின. சட்டப்படி அங்கீகாரம் பெற்றிருந்தது வேறொரு சங்கம். அதைக் காட்டியே சாமந்த்துடன் பேச மறுத்தார்கள். அந்த வேலைநிறுத்தம் கடைசிவரை முறையாக வாபஸ் பெறப்படவே இல்லை.

ஃப்ளின்ட்டில் யாரும் வாசலில் நின்று கோஷம் போட்டுக்கொண்டிருக்கவில்லை. 1936 டிசம்பர் 30 அன்று ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். காருக்குப் பொருத்த வேண்டிய இருக்கைகள்தான் படுக்கை. இயந்திரங்களுக்கு நடுவே அவர்கள் இருக்கும்போது கருங்காலிகளை, அதாவது வேலைநிறுத்தத்தை உடைக்க வரும் ஆட்களை, வைத்து வேலை நடத்த முடியாதே! பிப்ரவரி 1-ல் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரலே பிரிவில் 9-ஆம் எண் ஆலையைப் பிடிக்கப்போவதுபோல் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். காவலாளிகள் அங்கே ஓடியதும், எஞ்சின் தயாராகும் 4-ஆம் எண் ஆலைக்குள் புகுந்தார்கள். எஞ்சின் இல்லாமல் கார் ஏது? பத்தே நாளில், பிப்ரவரி 11-ல், நிறுவனம் இறங்கிவந்தது. கவர்னர் ஃபிராங்க் மர்ஃபி படையை வரவழைத்தும், தொழிலாளர்களை வெளியேற்ற அதை ஏவ மறுத்துவிட்டார். அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1926 பிரிட்டனில் சுரங்கத் தொழிலாளர்களுக்கு ஆதரவாக நடந்த பொது வேலைநிறுத்தம், சுமார் 17 லட்சம் பேர் வேலையை நிறுத்தியும் ஒன்பதே நாளில் முடிந்துபோனது. அரசு சுரங்கத் தொழிலுக்கு ஒன்பது மாதம் மானியம் கொடுத்து, அந்த அவகாசத்தில் லாரிகளையும் தொண்டர்களையும் திரட்டிவைத்திருந்தது.

என் கணக்குக்கு அடங்காதது 1974 இந்திய ரயில்வே வேலைநிறுத்தம். ரயில் ஓட்டத்தைக் கிடங்கில் சேர்த்துவைக்க முடியாது. ஆகவே நன்றாகவே வலித்திருக்கும். ஆனால் எதிரே இருந்தது லாபநஷ்டம் பார்க்கும் முதலாளி அல்ல, அரசாங்கம். மே 8-ல் தொடங்குமுன்பே அதன் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸைக் கைது செய்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள், ரயில்வே குடியிருப்புகளிலிருந்து குடும்பங்கள் விரட்டப்பட்டன. மே 27-ல் சங்கங்கள் வாபஸ் வாங்கின.