மாதம் 2,400 ரூபாய்தான் கூடுகிறது... டிசையரை மாற்றிப் புது மாடல் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 42 வயது. திருச்சியில் தனியார் வேலை. பிடித்தம் போக மாதம் 64,000 ரூபாய் கைக்கு வருகிறது. 2021 ஏப்ரலில் மாருதி டிசையர் விஎக்ஸ்ஐ பெட்ரோல் வண்டி வாங்கினேன். 7.5 லட்சம் கடன், 9% வட்டி, 7 வருடம், இ.எம்.ஐ 12,067 ரூபாய். ஐந்து வருடம் கட்டியாகிவிட்டது, இன்னும் 2.64 லட்சம் பாக்கி. இதற்கு முன் 2015-ல் வாங்கியதும் டிசையர்தான். கடன் முடிய 16 மாதம் இருந்தபோது அதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுத்தான் இதை எடுத்தேன். இப்போது புது டிசையர் வந்த பிறகு, வீட்டில் எல்லோரும் மாற்றச் சொல்கிறார்கள். மனைவியின் தம்பி, "உங்க வண்டி பழைய மாடல் மாமா, ஈ20 (20% எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கும் தாங்காது" என்கிறார். சன்ரூஃப் உள்ள இசட்எக்ஸ்ஐ பிளஸ் ஆன்ரோடு 10.5 லட்சம் வருகிறது. ஷோரூமில் பழைய வண்டிக்கு 4.2 லட்சம் தருகிறார்கள். பழைய கடனை அடைத்து, மீதி ஒன்றரை லட்சத்தை முன்பணமாக வைத்தால் 9 லட்சம் கடன். அதே 9%, 7 வருடம், இ.எம்.ஐ 14,480. கூடும் 2,400-ஐச் சமாளிக்க, மகள் பெயரில் மாதம் 2,500 போடும் செல்வமகள் சேமிப்பைக் கொஞ்ச நாள் நிறுத்தலாம் என்று நினைக்கிறேன். இதற்கிடையில் மைத்துனர், பழைய வண்டியை 3 லட்சத்துக்குத் தனக்கே தரும்படி கேட்கிறார். மாதம் பத்தாயிரமாகத் தருவாராம், பெயர் மாற்றம் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். புக்கிங் 11,000 கட்டிவிட்டேன். ஆனால் மனசு ஒப்பவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: புக்கிங்கை ரத்து செய்யுங்கள். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பிரச்னை கார் அல்ல.

2015-லிருந்து இன்றுவரை கார் கடன் இல்லாத ஒரு மாதம்கூட உங்களுக்கு வாய்க்கவில்லை. இந்த வண்டியையும் மாற்றினால் 2033 வரை கட்டுவீர்கள். தொடர்ச்சியாகப் பதினெட்டு வருடம் இ.எம்.ஐ! வண்டி வாங்கியது தவறே இல்லை, குடும்பத்துக்கு அது தேவைதான். ஒரு கடன் முடியும் தறுவாயில் அதை உடைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குகிறீர்களே, அந்தப் பழக்கம்தான் உங்களை அரிக்கிறது.

இந்த மாதம் நீங்கள் கட்டும் 12,067 ரூபாயில் வட்டி எவ்வளவு தெரியுமா? சுமார் 1,980 ரூபாய். மீதிப் பத்தாயிரத்துச் சொச்சம் அப்படியே அசலில் கழிகிறது. மிச்சமிருக்கும் 24 தவணைக்கும் சேர்த்தே மொத்த வட்டி 26,000 ரூபாய் அளவுதான். வட்டியின் பெரும்பகுதியை முதல் சில வருடங்களிலேயே கொட்டிக் கொடுத்துவிட்டீர்கள். புதுக் கடனில் முதல் மாதம் நீங்கள் கட்டப்போகும் 14,480-ல் வட்டி மட்டும் 6,750 ரூபாய், கிட்டத்தட்ட பாதி. தவணையில் பெரும்பகுதி அசலுக்குப் போகிற நல்ல காலம் வரும்போதெல்லாம், பாதி வட்டிக்குப் போகிற இடத்துக்கு நீங்களே திரும்பிப் போகிறீர்கள். 2021-ல் செய்ததும் இதைத்தான்.

"2,400 ரூபாய்தானே கூடுகிறது" என்ற கணக்கு ஷோரூம் மேஜையில் பிறந்தது. அதை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். பழைய இ.எம்.ஐ 24 மாதத்தில் நின்றுவிடும், புதியது 84 மாதம் ஓடும். இருக்கும் வண்டியை வைத்துக்கொண்டால் இனிக் கட்ட வேண்டியது 2.90 லட்சம். மாற்றினால் 12.16 லட்சம். வித்தியாசம் 9 லட்சத்துக்கும் மேல். 2033-ல் உங்களிடம் 12 வயது வண்டிக்குப் பதில் 7 வயது வண்டி இருக்கும் என்பது உண்மை. அதற்கு இரண்டு மூன்று லட்சம் கூடுதல் மதிப்பு என்று வைத்துக் கழித்தாலும், 6 லட்சத்துக்குக் குறையாமல் உங்கள் கையை விட்டுப் போகிறது. இதில் பழைய கடனை முன்கூட்டியே அடைப்பதற்கான கட்டணம் சேரவில்லை. நிலையான வட்டிக் கார் கடன்களில் பாக்கித் தொகையில் சில சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் பிடிப்பது வழக்கம். உங்கள் ஒன்றரை லட்சம் முன்பணத்தில் பத்துப் பன்னிரண்டாயிரம் அங்கேயே உதிரலாம்.

சாலை வரியையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பருக்குப் பிறகு, 5 முதல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு ஆயுள் வரி 13%. உங்கள் கொட்டேஷனில் அது மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டும். 2021-ல் இந்த வண்டிக்கும் ஆயுள் வரி கட்டியிருக்கிறீர்கள். ஐந்து வருடம் அனுபவித்துவிட்டு, மீதியை வாங்குபவருக்கு விட்டுக்கொடுக்கிறீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததால் "இதுதான் சமயம்" என்று சொல்லியிருப்பார்கள். புதிய வண்டியின் விலை இறங்கினால் பழைய வண்டியின் சந்தை விலையும் கூடவே இறங்கும், உங்களுக்கு 4.2 லட்சம்தான் சொல்கிறார்கள் என்பதில் அதுவும் அடக்கம்.

சரி, வண்டிக்கு வருவோம். 2024 நவம்பரில் வந்த நான்காம் தலைமுறை டிசையர் நல்ல கார். ஆனால் உங்களிடம் இருப்பதைவிட எதில் நல்லது? நீளம் இரண்டிலும் 3,995 மில்லிமீட்டர்தான். பூட் 378 லிட்டரிலிருந்து 382 லிட்டர் ஆகியிருக்கிறது. ஒரு கைப்பை கூடுதலாக வைக்கலாம். எஞ்சினில் உங்களுடையது நான்கு சிலிண்டர், 90 பிஎஸ் (குதிரைத்திறன்). புதியது மூன்று சிலிண்டர், 82 பிஎஸ் அளவு. சக்தி குறைந்திருக்கிறது, மைலேஜ் கூடியிருக்கிறது. நிறுவனம் சொல்லும் கணக்கில் மேனுவல் கியர் வண்டி உங்களுடையது லிட்டருக்கு 23.26 கிலோமீட்டர், புதியது 24.79. வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டினால் மிச்சம் 27 லிட்டர். அதாவது வருடத்துக்கு 2,700 ரூபாய். அதற்காக ஒரு கடனா?

ஈ20 பயத்தையும் பேசிவிடலாம். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகள் இந்தப் பெட்ரோலை மனதில் வைத்துத் தயாரானவை அல்ல, அதனால் மைலேஜ் சற்றுக் குறையும். 6% குறைகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், வருடத்துக்கு இன்னொரு 27 லிட்டர். ரப்பர் குழாய், கேஸ்கட் போன்ற சில பாகங்களைச் சீக்கிரம் மாற்ற நேரலாம். சர்வீஸுக்கு விடும்போது "எரிபொருள் குழாய்களைப் பாருங்கள்" என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். எல்லாம் சேர்த்தாலும் வருடச் செலவு, புது வண்டியின் ஒரு மாத இ.எம்.ஐ-யைத் தொடாது.

ஒரே ஒரு விஷயத்தில் உங்கள் வீட்டார் பக்கம் நான் முழுமையாக நிற்கிறேன்: பாதுகாப்பு. புது டிசையரில் 6 ஏர்பேக், வண்டி சறுக்காமல் காக்கும் இ.எஸ்.பி இரண்டும் எல்லா வேரியன்டிலும் உண்டு. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரம் வாங்கிய வண்டி. உங்களுடையதில் 2 ஏர்பேக்தான். இது சாதாரண வித்தியாசம் அல்ல; குழந்தை இருக்கும் வீட்டில் இதை எண்ணிப் பார்ப்பது நியாயம்தான். ஆனால் நீங்கள் கேட்பது சன்ரூஃப் உள்ள உச்ச வேரியன்ட். அந்த ஆறு ஏர்பேக் அடிமட்ட எல்எக்ஸ்ஐ-யிலும் இருக்கிறது. பாதுகாப்புக்காகத்தான் மாற்றுகிறோம் என்றால் கொட்டேஷன் இரண்டு லட்சத்துக்கு மேல் குறைந்திருக்க வேண்டும். எதற்காக மாற்றுகிறோம் என்று வீட்டில் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசுங்கள்.

அதுவரை இருக்கும் வண்டியில் செய்யக்கூடியது நிறைய. ஐந்து வருட டயர் நான்கையும் மாற்றுங்கள், 20,000 ரூபாய்க்குள் முடியும். பின் இருக்கையில் இருப்பவர்களும் சீட் பெல்ட் போடட்டும், மகள் உட்பட. சீட் கவரை மாட்டும்போது பின் சீட் பெல்ட் பூட்டுகளை அடியில் செருகி மறைத்துவிடுவது பல வண்டிகளில் நடக்கிறது. கையை விட்டுத் தேடி வெளியே எடுங்கள்.

மைத்துனர் கேட்பதற்குத் தெளிவாக "முடியாது" என்று சொல்ல வேண்டும். உங்களுக்குச் சங்கடமாக இருக்கும், புரிகிறது. 4.2 லட்சம் போகும் வண்டியை 3 லட்சத்துக்குக் கொடுப்பதைக்கூட உறவுக்காக விடலாம். ஆனால் 30 மாதத் தவணை என்றால், வங்கியில் வட்டி கட்டிக்கொண்டே அவருக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறீர்கள். ஆர்.சி-யில் வங்கியின் அடமானப் பதிவு இருக்கும்வரை அவர்கள் சம்மதம் இல்லாமல் பெயர் மாற்றவும் முடியாது. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் நீங்கள்தான். 2018-ல் உச்ச நீதிமன்றம் இதைத் திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் பதிவேட்டில் யார் பெயரோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு. அவர் இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்க மறந்த ஒரு வாரத்தில் ஏதாவது நடந்தால், வக்கீல் நோட்டீஸ் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். "கடன் முடிந்து வண்டியைக் கொடுக்கும் காலத்தில், அடமானம் நீக்கும் படிவம் 35, பெயர் மாற்றும் படிவம் 29, 30 எல்லாம் போட்டு முறையாக மாற்றுகிறபோது முதலில் உன்னிடம்தான் கேட்பேன், மொத்தப் பணத்தோடு வா" என்று சொல்லுங்கள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை.

செல்வமகள் கணக்கைத் தொடவே தொடாதீர்கள். 8.2% வட்டி, வட்டிக்கு வரி கிடையாது. இப்படி ஒரு இடத்தில் போடும் பணத்தை எடுத்து 9% கடனுக்குக் கட்டுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. கடிதத்தில் "கொஞ்ச நாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கொஞ்ச நாள் 84 மாதம்.

இ.எம்.ஐ பாரமாக இருக்கும் என்று நீங்கள் தயங்கினால் அடுத்ததாக பலூன் திட்டத்தை எடுத்து நீட்டுவார்கள். மாதத் தவணை குறைவு, கடைசியில் ஒரு பெரிய தொகை. அந்தக் கடைசித் தொகையைக் கட்ட முடியாதவர் வண்டியைத் திருப்பிக் கொடுத்து அடுத்த வண்டிக்குக் கடன் வாங்குவார். உங்களைப் போன்ற பழக்கம் உள்ளவருக்கு அது நிச்சயம் ஆகாது.

என்ன செய்யலாம்? 2028 ஏப்ரலில் கடன் முடியும். அன்று வங்கியில் என்.ஓ.சி (தடையில்லாச் சான்று) வாங்கி அடமானப் பதிவை நீக்குங்கள். அதன்பின் மூன்று வருடம் அதே வண்டியை ஓட்டிக்கொண்டு, கட்டிப் பழகிய 12,000 ரூபாயை அதே தேதியில் ஆர்.டி-யில் (மாதாமாதம் போடும் தொடர் வைப்பில்) போடுங்கள். 6.5% வட்டி என்றால் 2031-ல் சுமார் 4.75 லட்சம் சேரும். பத்து வயது டிசையருக்கு அப்போதும் ஒன்றரை, இரண்டு லட்சம் கிடைக்கும். ஆறரை லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு புது வண்டி பாருங்கள். அப்படியும் கடன் தேவைப்பட்டால் ஒன்றிரண்டு லட்சம், இரண்டு வருடம், அவ்வளவுதான். ஏப்ரல் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும் மாதமும்கூட. ஐந்து வருடமும் கிளெய்ம் எடுக்கவில்லை என்றால் 50% நோ கிளெய்ம் போனஸ் (பிரீமியத் தள்ளுபடி) உங்களுக்கு உண்டு. பாலிசியில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

புக்கிங் பணத்துக்கு: ஷோரூமுக்கு நேரில் போனால் மறுபடி டெஸ்ட் டிரைவில் உட்கார வைத்துவிடுவார்கள். ரசீது எண்ணைக் குறிப்பிட்டு, ரத்து செய்வதாகவும் பணத்தை வங்கிக் கணக்குக்குத் திருப்பும்படியும் மின்னஞ்சல் அனுப்புங்கள். ரத்துக் கட்டணம் என்று ஏதாவது பிடித்தால் வாதாட வேண்டாம், மீதியை வாங்கி டயர் செலவில் சேருங்கள்.